குரோம் பூசிய பான்

உல்ரிக் மாமா சாப்பிட உட்கார்ந்தால், முதலில் தட்டை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகுதான் சோறு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

எங்கள் தீவு நாட்டின் லாவன்டில் மேட்டில், எண்ணெய் பீப்பாயின் அடியைச் சுத்தியலால் குழித்து, சுரம் சுரமாகச் சுருதி சேர்த்து பான் என்னும் வாத்தியம் செய்துவந்தவர் அவர். இளமையில், அது ரௌடிகள் வாத்தியம் என்று ஒதுக்கப்பட்டிருந்தபோது, அதை வாசித்ததற்காகப் போலீஸிடம் அடி வாங்கியவர். அதையே தேசிய வாத்தியமாக அறிவிக்கும் விழாவுக்கு எங்கள் அரசு அலுவலகம் அவரிடம் ஒரு பான் கேட்டது. குடும்பத்தில் முதல் பட்டதாரியான நான் அங்கே எழுத்தர்.

மூன்று வாரம் அடித்துக் கொடுத்தார். மேடையில் மின்ன வேண்டுமென்று அதிகாரி அதற்குக் குரோம் பூசச் சொன்னார். பூச்சுக்கு அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போட்டவள் நான். பூச்சு ஏறினால் சுருதி நகர்ந்துவிடும், மறுபடி அடித்துச் சேர்க்க வேண்டும். மேட்டில் வளர்ந்த குழந்தைக்கும் இது தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பயமா, மேட்டுக்காரி என்று காட்டிக்கொள்ள வெட்கமா? இன்றும் தெரியவில்லை.

விழாவன்று காலை விஷயம் தெரிந்து மாமா சுத்தியலோடு ஓடி வந்தார்.

"அரை நாள் குடுங்கய்யா, சரி பண்ணிடறேன்."

"இன்னும் ஒரு மணி நேரத்துல மந்திரி வந்துருவாரு. சுத்தி பட்டா பளபளப்பு போயிடும்யா" என்றார் அதிகாரி.

"மந்திரி என்ன, பளபளப்பக் கேக்கவா வர்றாரு?" மாமா என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன்டி."

நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

செய்தவர் உல்ரிக் பாஸ்கம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு வாசித்தார்கள். இரண்டாம் அடியிலேயே சுரம் பிசகியது.

"உல்ரிக்குக்குக் காது அவிஞ்சு போச்சுடா! ரம் ஊத்திக் கழுவுங்க!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது. பூச்சுக்குப் பிறகு அவர்தான் சுருதி சேர்த்துக் கொடுத்தார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த கார்னிவல் திருவிழாவுக்குச் சுருதி சேர்க்க ஒரு பான் குழுவும் அவரைக் கூப்பிடவில்லை. சுத்தியலைத் தொடுவதை விட்டார். தட்டைத் தட்டுவதையும் விட்டார். இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்துக்கு வந்த பக்கத்து வீட்டு வெர்னெல்லா என்னைத் தனியாக அழைத்தாள். விழாவுக்கு முன்பே அவரிடம் சுருதி சேர்க்கத் தன் பான் ஒன்றைக் கொடுத்திருந்தவள்.

"இருக்கா அது?"

"இருக்குக்கா. பாதியில நிக்குது. வேற யார்கிட்டயாவது குடுக்கட்டுமா?"

"வேணாம்டி. கார்னிவலுக்குள்ள தர்றேன்னு அவருதான் சொன்னாரு. நெசமாவே காது போயிடுச்சா அவருக்கு?"

அப்போதும் நான், வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துவர உள்ளே போய்விட்டேன்.

அவர் கட்டிலுக்கடியில் அந்தப் பான் கிடக்கிறது. உள்வட்டத்தில் ஐந்து சுரங்கள் இன்னும் சேரவில்லை.