போட்டு வாங்கோ

நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை. பேய் என்றால் நடுச்சாமமும் சுடலையும் வேண்டும் என்கிற ஆட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இது பட்டப்பகலில் நடந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, கடல் கடந்து நாங்கள் வந்து சேர்ந்த ஊரில், மில்லிக்கன் பக்கத்துப் பிளாசா ஒன்றில், படங்களுக்குச் சட்டம் போடும் கடையில். நடந்தது அருள்மலருக்கு. அவளுக்குப் பொய் சொல்ல வராது. கோபம் மட்டும் நன்றாக வரும்.

வராமல் என்ன செய்யும்? அவளுடைய கணவன் அருள்நாயகம் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்துக் கிடந்தான். இவளுக்கு வேலை இருந்தால்தான் ஸ்பொன்சர் சரிவரும். அது கடை முதலாளி அலெக்ஸாண்டருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, வாயைத் திறந்தால் "நீ", "வா", "போ", "உனக்குக் கண் தெரியேல்லையோ?" தான். தன் வீட்டு நாயோடு இதைவிட மரியாதையாகப் பேசுவான் அந்த மனுசன்.

அன்று காலை லியான் என்ற சீனப்பெண் பத்துப் படங்கள் கொண்டுவந்தாள். மரப்பலகையில் செதுக்கி, மை பூசி, மெல்லிய தாளில் ஒற்றி எடுத்தவை. எல்லாம் தான் கண்ட கனவுகள் என்றாள். பத்திலும் ஒரே வயதான அம்மா. கொண்டை, சாம்பல் நிறச் சட்டை. ஒன்றில் அடுப்படியில் நிற்கிறாள், ஒன்றில் கட்டில் விளிம்பில் இருக்கிறாள். பத்தாவதில் மட்டும் முதுகு காட்டி நின்றாள். ஒரு கால் வாசற்படிக்கு வெளியே. வாசலுக்கு மேலே வெள்ளைத் துணி தொங்கியது.

"இந்தக் கடைசிப் படத்தை முதலில் போடுங்கள். இன்றைக்கே மூடிவிடுங்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள் லியான். இரவு முழுக்க பேக்கரியில் வேலை, போய்ப் படுக்க வேண்டும் என்றாள். கண்கள் சிவந்து கிடந்தன.

அருள்மலர் பத்தாவது படத்தைச் சட்டத்துக்குள் வைத்தாள். கண்ணாடியை மூடும்போது, வெளிக்கிட்டு நிற்கிற அந்த அம்மாவைப் பார்க்க ஏனோ பாவமாக இருந்தது. வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

"போட்டு வாங்கோ அம்மா."

எங்கள் வீடுகளில் வெளிக்கிடுகிற எவரையும் வெறுமனே "போங்கோ" என்று அனுப்புவோமா? "போட்டு வாங்கோ" என்று, போய்விட்டுத் திரும்பி வரத்தானே சொல்வோம். அவள் செய்தது அவ்வளவுதான்.

பதினொரு மணி இருக்கும்.

டொக்... டொக்...

மரத்தில் தட்டும் சத்தம். கடை வாசலில் ஒருவரும் இல்லை. படத்தைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே இருந்த கால்... உள்ளே இருந்தது.

"படம் பாக்கவோ உனக்குச் சம்பளம்?" பின்னால் அலெக்ஸாண்டர். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சட்டத்தை எடுத்தாள்.

டொக்... டொக்...

இப்போது அந்த அம்மாவின் முகம் பாதி திரும்பியிருந்தது.

அருள்மலர் ஓரடி பின்வாங்கினாள்.

இரண்டு மணிக்குப் பார்த்தாள். வாசல் இருந்தது. வெள்ளைத் துணி இருந்தது.

அம்மா இல்லை.

அலெக்ஸாண்டரும் பார்த்துவிட்டான். "கண்ணாடி போட முதல் ஈரத்துணியால துடைச்சியோ? அறிவு கெட்டவளே! நாளைக்கு வேலைக்கு வராதை!"

பயம் எங்கே போனதோ தெரியாது. இரண்டு வருடமாக அடக்கி வைத்த கோபமெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. "துடைச்சால் மை ஊறாதோ? கண்ணைத் திறந்து பாருங்கோ, தாளில ஒரு கறை கிடக்கோ? செய்யாத பிழைக்கு என்ர மனுசன்ர வாழ்க்கையில மண் போடாதேங்கோ!"

அவன் லியானுக்கு அடிக்க ரெலிபோனை எடுத்தான். எண்ணை அழுத்த முதல் கதவு திறந்தது.

லியான். இரவுடைக்கு மேலே கோட்டு. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"யார் அவளோடு பேசியது?" கோபத்தில் குரல் நடுங்கியது. "என் அம்மா. செத்து இரண்டு வருடம். ஒவ்வொரு நாளும் கனவில் வந்து என்னைக் கொன்றாள். போன மாதம்தான் ஒருவழியாகக் கனவை விட்டு வெளியே போனாள். இன்றைக்குத் தூங்கப் போனால், கட்டில் விளிம்பில் வந்து இருக்கிறாள்! தெரியாத பாஷையில் ஒன்றையே சொல்கிறாள்."

உதட்டைக் கூட்டி, மெல்லச் சொன்னாள்.

"போ...ட்டு... வாங்...கோ."

அலெக்ஸாண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

படத்தில் வாசலுக்கு மேலே தொங்கிய வெள்ளைத் துணி, அவர்களுடைய செத்தவீட்டுத் துணியாம், லியான்தான் சொன்னாள். செத்தவீட்டில் அந்தச் சொல்லை எங்கள் சின்னப்பிள்ளைகள்கூடச் சொல்லமாட்டார்கள். பேசாமல் எழும்பி வருவோம்.

லியான் வெறும் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அருள்மலர் கோட்டை மாட்டினாள்.

"நாளைக்கு வேலைக்கு வருவன்," என்றாள். "வராதை எண்டு இன்னொருக்கால் சொல்லிப் பாருங்கோ!"

அவன் ஓமென்று தலையாட்டினான். அவள் வழக்கமாகச் சொல்லும் "போட்டு வாறன்" தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

பின்னால், மெதுவாக, ஒரு பெண்குரல்...

"போட்டு வாங்கோ."

திரும்பினாள். அலெக்ஸாண்டர் மட்டும்தான் நின்றான். அவனுடைய வாய் மூடியிருந்தது.

அருள்மலரின் வேலை போகாமல் தப்பியது. ஒரு கிழமை கழித்து லியான் வந்தாள், நல்ல நித்திரை கொண்ட முகத்தோடு. அம்மா இப்போது தன்னிடம் வருவதே இல்லை என்றாள்.

ஆவணியில் அருள்நாயகம் வந்து சேர்ந்தான். இந்தக் கதையில் ஒரு சொல்கூட அருள்மலர் அவனுக்குச் சொல்லவில்லை. மறுநாள் விடிய, தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு அவன் கேட்டான்:

"ராத்திரி எங்கட கட்டில் விளிம்பில ஒரு அம்மா இருந்தாவே, சாம்பல் சட்டையோட... ஆரப்பா அவ? நான் நேற்றுத்தானே வந்தனான். என்னைப் பார்த்து ஏன் 'போட்டு வாங்கோ' எண்டவ?"