ஹாரன் காதில் உண்ணி இல்லை

ஹாரனின் காதில் உண்ணி இல்லை. கழுத்துப் பட்டைக்கு அடியிலும் இல்லை, விரலிடுக்கிலும் இல்லை. இதை என் பத்து வயதில் லயத்து வாசலில் நின்று கத்திச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. இப்போது எனக்கு வயது முப்பதை நெருங்குகிறது. இப்போதும் யாராவது கேட்டால் அதையேதான் சொல்லுவேன்.

ஹாரன் எங்கள் நாய். பீர்மேட்டுக்கு மேலே, தேயிலைக் காட்டின் நடுவில், வரிசையாக ஆறு குடும்பம் இருந்த லயத்தில் எங்கள் வீடு கடைசி. வளைவில் எந்த ஜீப் ஹாரன் அடித்தாலும் எங்கள் நாய் பதிலுக்குக் குரைக்கும் என்பதால் அந்தப் பெயர். அப்பா ஃபாக்டரி ஷிப்டுக்குப் போய்விடுவார். அம்மா கொளுந்தெடுக்கப் போவாள். சனி, ஞாயிறுகளில் எஸ்டேட்டின் பழைய பங்களாவைப் பெருக்கித் துடைக்கப் போவாள். பங்களா அப்போது வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் இடமாக மாறியிருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். வந்து தங்குகிறவர்களைத் தன் ஜீப்பில் ஏற்றிப்போய், புல்மேட்டில் நடத்திக் கூட்டிவருவது அவர் வேலை. பள்ளி விடுமுறையில் நானும் ஹாரனும் கூடவே போவோம்.

மாமா மலையேறுவதற்கு முன் செய்யும் ஏற்பாடுகளைப் பார்த்து லயமே சிரிக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருக வேண்டும். சட்டையைக் கால்சட்டைக்குள் செருக வேண்டும். வெளுத்த நிறத்தில்தான் உடுத்த வேண்டும், அப்போதுதான் உண்ணி ஏறினால் தெரியும். ஷூவுக்கு வேப்பெண்ணெய், ஹாரனின் நாலு காலுக்கும் வயிற்றுக்கும் வேப்பெண்ணெய். எங்கள் மூன்று பேரையும் காற்று முந்திக்கொண்டு போய் அறிவித்துவிடும். தடத்தின் நடுவில்தான் நடக்க வேண்டும். காட்டுமாடு படுத்தெழுந்த புல்லில் காலே வைக்கக் கூடாது. திரும்பி வந்ததும் உடுப்பு கொதிநீருக்குள் போகும். நாங்கள் விசாரணைக்குப் போவோம். காதுக்குப் பின்னால், கழுத்து, கக்கம், முழங்காலின் பின்மடிப்பு. உண்ணி இருந்தால் சாமணம் என்ற சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுவார். லயத்தில் மற்றவர்கள் தீக்குச்சியால் சுடுவார்கள். மாமா சுட விடமாட்டார். ஹாரனைப் பார்ப்பது என் பொறுப்பு. ஒருநாள்கூட நான் தவறியதில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

அந்த ஏப்ரலில் சென்னையிலிருந்து ஒரு சாரும் மேடமும் வந்து தங்கினார்கள். கூடவே பஞ்சை உருட்டிவைத்தது போல ஒரு வெள்ளை நாய். அதற்குத் தனியாக ஒரு துண்டு, தனியாக ஒரு சீப்பு, தனியாக ஒரு பவுடர். மறுநாள் காலையில் ஜீப் கிளம்பும்போது ஹாரன் வழக்கம்போலப் பின்னால் ஏறி உட்கார்ந்தது. மேடம் அதைப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"அது உடம்பெல்லாம் உண்ணி இருக்கும். அதை இறக்கிடுங்க, ப்ளீஸ்," என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் மாமா ஹாரனை இறக்கி, லயத்துத் தூணில் கட்டிவிட்டார். பிறகு வேப்பெண்ணெய் சீசாவை எடுத்து, வெள்ளை நாயின் காலில் கொஞ்சம் தடவிவிடட்டுமா என்று தணிவாகக் கேட்டார். மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டு, தங்கள் நாய்க்கு அதெல்லாம் வராது என்று சொல்லிவிட்டார். அவரே முக்கால் கால்சட்டையும் விரல் தெரியும் செருப்புமாகத்தான் வந்திருந்தார். காலுறை போட்டுக்கொள்ளச் சொன்னதற்கு சார் சிரித்தார். என் கோலத்தைக் காட்டி, இப்படியா என்று கேட்டார். காலுறைக்குள் செருகிய கால்சட்டையோடு நான் நின்றுகொண்டிருந்தேன். ஜீப் வளைவு திரும்பும்வரை ஹாரனின் குரைப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

மேட்டின் உச்சியில் ஒரு பாறை உண்டு. அங்கிருந்து பார்த்தால் கீழே சமவெளி தெரியும். சாரும் மேடமும் படம் எடுக்கப் போனார்கள். மாமா அவர்கள் பாறை விளிம்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளப் போனார். வெள்ளை நாயின் வாரை மேடம் என் கையில் கொடுத்தார். உண்ணி நாயின் சொந்தக்காரி அந்த நேரத்துக்கு மட்டும் உதவினாள் போல.

பாறைக்குப் பின்பக்கம் ஒரு பள்ளம். இடுப்பளவு புல். காட்டுமாடுகள் படுத்து, புல் வட்டவட்டமாக அமுங்கிக் கிடக்கும். நாய் அந்தப் பக்கம் இழுத்தது. நாய் இழுத்தது, நான் போனேன் என்றுதான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நாய் ஒரு கோழியின் கனம்கூட இருக்காது. நான் நினைத்திருந்தால் ஒரு விரலால் நிறுத்தியிருப்பேன். தூணில் கட்டிக் கிடந்த ஹாரன் என் நினைவில் இருந்தது. இந்த வெள்ளை கொஞ்சம் அழுக்காகட்டும் என்றும் இருந்தது. வாரை விட்டேன். அது அமுங்கிய புல்லில் மல்லாந்து, நாலு காலையும் மேலே தூக்கிப் புரண்டது. எழுந்தது, தும்மியது, மறுபடி புரண்டது. பிறந்ததிலிருந்து யாரும் அதைப் புல்லில் விட்டதில்லை போலிருந்தது. எனக்கே அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. மேடம் திரும்புவதற்குள் தூசியைத் தட்டி, பழைய இடத்திலேயே வந்து நின்றுகொண்டோம்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் போவதற்கு முன் மாமா வாசலில் உட்காரவைத்து என்னைப் பார்த்தார். காதில் இல்லை, கழுத்தில் இல்லை. வலது முழங்காலின் பின்மடிப்பில் கடுகளவில் இரண்டு இருந்தன. காலுறையைத் தாண்டி எப்படியோ ஏறியிருக்கின்றன.

"எங்க பிள்ள இறங்குன?"

"எங்கயும் இறங்கல மாமா."

அவர் இரண்டையும் எடுத்து சோப்புத் தண்ணீரில் போட்டார். கைகழுவிவிட்டு எங்கேயோ வெளியே போனார். நான் ஹாரனை அவிழ்த்து, தடவித் தடவிப் பார்த்தேன். அது மலைக்கே வராத நாள். ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு பங்களா மேனேஜரின் ஜீப் லயத்து வாசலில் வந்து நின்றது. மேனேஜரோடு சாரும் மேடமும் இறங்கினார்கள். மேடத்தின் கழுத்தில் சிவந்து ஒரு தடிப்பு. வெள்ளை நாயின் இரண்டு காதிலும் கடுகைவிடக் கொஞ்சம் பெருத்த உண்ணிகள், எண்ணமுடியாத அளவுக்கு. மேடம் அழுதிருந்தார், அது எனக்கு இப்போதுதான் முக்கியமாகப் படுகிறது, அன்றைக்குப் படவில்லை. அந்த நாயிடமிருந்துதான் வந்தது, ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததே என்று ஹாரனைக் காட்டினார். லயத்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். அம்மா கொளுந்துக் கூடையோடு பாதி வழியில் திரும்பி வந்து, சுவரோரம் நின்றாள். பங்களாவில் பெருக்குகிறவள் வீட்டு நாயா இது என்று மேனேஜர் அவளைப் பார்த்துக் கேட்டார்.

நான் ஹாரனை இழுத்துக்கொண்டு நடுவில் போனேன். அதன் காதை உள்ளும் புறமும் திருப்பிக் காட்டினேன். பட்டையைக் கழற்றிக் காட்டினேன். பாதத்தை விரித்துக் காட்டினேன். ஒன்றாவது இருந்தால் காட்டுங்கள் என்று கத்தினேன். இதன்மேல் இல்லாதது இதிலிருந்து எப்படி வரும், அப்படியானால் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

மாமா என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்.

"சும்மா இரி."

பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"எங்க நாயிட்டருந்துதான் சார் வந்துருக்கும். நாந்தான் கவனிக்கல. தப்பு எம்மேலதான். மேடம் மன்னிச்சிருங்க."

ஊர் முன்னால், கையைக் கட்டிக்கொண்டு, பச்சைப் பொய். ஹாரனை எஸ்டேட்டுக்குள் இனி வைத்திருக்கக் கூடாது என்று மேனேஜர் சொன்னார், மாமா சரி என்றார். பங்களாவின் ஜீப் வேலைக்கு இனி வர வேண்டாம் என்றார். அதற்கும் சரி என்றார். அதற்குப் பிறகு அவர் மேடத்தின் நாயை மடியில் வாங்கி, ஒவ்வொன்றாக, ஒரு மணி நேரம் உட்கார்ந்து எடுத்துக்கொடுத்தார். காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் நாயை டாக்டரிடம் காட்டுங்கள், உங்களுக்கும் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று பிற்பகலே ஹாரனை ஜீப்பில் ஏற்றி, ஏலக்காய்த் தோட்டத்தில் காவல் இருந்த தன் கூட்டாளியிடம் கொண்டுபோய் விட்டார். வண்டிக்குக் குறுக்கே நின்று, நீங்க பயந்தாங்கொள்ளி மாமா என்றேன். ஆமா என்றார். மறுத்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும். அன்றிலிருந்து எட்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவர் ஜீப்பில் முட்டைக்கோசும் பீன்ஸும் சந்தைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மாவின் பங்களா வேலை மட்டும் போகவில்லை.

போன வருடம் வீட்டுக்குப் போயிருந்தபோது, பூண்டு உரித்துக்கொண்டே ஏதோ பேச்சில் அம்மாதான் சொன்னாள்.

"அந்தச் சாயங்காலமே உன் மாமன் பங்களாவுக்குப் போயி, நாய ஒருதரம் பாத்துக்கிடட்டுமா சார்னு கேட்டாம்லா. நாய் தூங்குது, நாளைக்குப் பாக்கலாம்னு கதவச் சாத்திட்டாவ."

அப்படியானால் மறுநாள் அதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். ஒரே வார்த்தையில் தப்பித்திருக்கலாமே.

"சொன்னா, ஒனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்னு கேக்க மாட்டாவளா?" என்றாள் அம்மா. "நாயோட வார யாரு புடிச்சிருந்தான்னு அடுத்து கேப்பாவ." உரித்த பல்லைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

எட்டு மாதமும் மாமா அந்தப் பழக்கத்தை விடவில்லை. நான் விறகு பொறுக்கவோ கொய்யா பறிக்கவோ மேட்டுக்குப் போய்விட்டு வந்தால், வாசலில் வந்து குந்தி உட்காருவார். காதுக்குப் பின்னால் பார்ப்பார், முழங்கால் மடிப்பைப் பார்ப்பார். செய்த தப்புக்கு மாமா என்னிடம் இப்படித்தான் மன்னிப்புக் கேட்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிடக் கூடாது என்று, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே காலை நீட்டினேன்.