துணி இறக்கையும் ஒரு பெட்டி வெடியும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த அக்காவோடு பேச உட்கார்ந்தால் அது மூக்கைத் தாண்டியும் வந்துவிடும்.

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்த அந்த அக்காவின் ஒரே மகன் என்னிடம் படித்தவன். எஸ்.எஸ்.எல்.சி. தேறியும் வேலை அமையாமல், அம்மா கூலி வேலை பார்த்த வெடி ஆலையிலேயே மருந்து கலக்கும் அறைக்குப் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா கருகிச் செத்ததும் அதே ஆலையில்தான். விமானப் படையில் தரைவேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் என்னிடம் சொல்லாமலேயே எழுதிப் போட்டு, மதுரைக்குப் போய் உடம்பைக் காட்டி, தேர்வும் ஆகிவிட்டான். பதினெட்டு நிறையாததால் பெற்றவள் சம்மதம் என்று கைநாட்டு வைக்க வேண்டும். அக்கா ஒற்றைக் காலில் நின்றாள்.

"ஆகாசத்துல போறதுக்கு எம்மகன் என்ன காக்காயா, டீச்சர்? விளுந்தா அள்ளுறதுக்கு எலும்புகூட மிஞ்சாதாம்ல."

"அவன் பறக்கப் போறதில்லக்கா. கீழ நின்னு இஞ்சினைப் பழுது பாக்கப் போறான்."

"கீள நிக்கிறவன் தலையிலதான விளும்?"

இந்தப் பேச்சுக்கு நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? புருஷனைக் கொண்டுபோன மருந்துக்கே மகனையும் தினமும் தூக்குச்சட்டியில் சோறு கட்டி அனுப்புகிறாள். அதற்குப் பயமில்லை. எங்கோ போகிற விமானத்துக்குப் பயம். அதையும் வாய்விட்டே கேட்டேன். "அது நமக்குப் பளகின மருந்து, டீச்சர். அதோட குணம் நமக்குத் தெரியும்" என்றாள். குணம் தெரிந்துதான் அவர் போனாரா என்று கேட்க வாய் வந்தது. நல்லவேளை, பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது.

அப்போதுதான் மதுரை விமானத் திடலைப் பற்றிப் பேப்பரில் படித்தேன். திடலின் வேலியை ஒட்டி, விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற நாலைந்து பேர் சேர்ந்து ஒரு தகரக் கொட்டகை போட்டு, பழைய விமானம் ஒன்றைத் தங்கள் செலவிலேயே பராமரித்து ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களுக்குக் காட்டுகிறார்களாம். பிடித்தேன் வழி என்று குதித்தேன். கண்ணால் பார்த்தால் பயம் போய்விடும் என்பது வாத்தியார் புத்தி. தவளையையும் காந்தத்தையும் அப்படித்தானே வகுப்பில் காட்டுகிறோம்.

ஒரு ஞாயிறு ஆராதனைக்கு மட்டம் போட்டேன். சபைப் போதகரின் மனைவி ஐயரம்மாவிடம் தலைவலி என்று சொல்லியனுப்பினேன். அது பொய்யில்லை, அக்காவோடு இரண்டு பஸ் மாறிப் போனால் தலை வலிக்கத்தான் செய்யும். அவள் மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு வழி முழுக்க அதைக் கீழே வைக்கவே இல்லை. மத்தியானச் சோறு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கொட்டகை உள்ளே அப்படி ஒரு சுத்தம். தரையில் மண் தெரியாமல் சிமெண்டு பூசி, சுவரோரம் பழைய சக்கரங்களையும் அறுத்துத் திறந்து காட்டிய ஓர் இஞ்சினையும் வைத்திருந்தார்கள். நடுவில் மஞ்சள் நிறத்தில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரட்டை இறக்கையோடு அந்த விமானம் நின்றது. யுத்த காலத்தில் படைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த வண்டியாம். நரைத்த மீசைக்காரர் ஒருவர் எங்களை வரவேற்றுச் சுற்றிக் காட்டினார். மற்றவர்கள் ஆளுக்கொரு துணியோடு எதையாவது துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்குச் சம்பளம் யாருண்ணே குடுக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"யாரும் குடுக்கலம்மா. ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்தா வீட்டுக்காரி வேலை சொல்லுவா. அதுக்குப் பயந்து இங்க வந்துர்றோம்."

அக்கா சிரித்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது. தொட்டுப் பாருங்கள் என்று நானே அவள் கையைப் பிடித்து இறக்கையில் வைத்தேன். வைத்த கையை அவள் வெடுக்கென்று எடுத்தாள்.

"என்னண்ணே இது, துணியா இருக்கு?"

"துணியேதாம்மா. மரச்சட்டத்துல துணியை இழுத்துக் கட்டி மேல வார்னிசு பூசியிருக்கு" என்றார் மீசைக்காரர் பெருமையாக.

"பெட்ரோலு எங்கன ஊத்துவீக?"

"அந்தா, மேல் இறக்கை நடுவுல. ஓட்டுறவர் தலைக்கு நேரா."

அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "தலைக்கு மேல பெட்ரோலு, சுத்திலும் துணி, நடுவுல எம்மகன்."

"இப்ப வர்ற விமானமெல்லாம் இரும்புக்கா" என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

"இரும்பு இல்ல டீச்சரம்மா, அலுமினியம்" என்று மீசைக்காரர் திருத்தினார். அந்த மனிதரை எனக்கு அதுவரை பிடித்திருந்தது.

"எங்க வீட்டு அலுமினியச் சட்டி ரெண்டு வருசத்துல ஓட்டையாப் போச்சு" என்றாள் அக்கா.

காரியம் கெட்டது. கிளம்பலாம் என்று கண்ணைக் காட்டினேன். அவளோ, இவ்வளவு நேரம் பொறுமையாகக் காட்டிய மனிதருக்கு வெறுங்கையைக் காட்டிவிட்டுப் போவதா என்று துணிப்பையை அவிழ்த்தாள். சிவகாசிப் பக்கத்து ஆள் வெளியூருக்கு விருந்தாடிப் போனால் பூவும் பழமும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. பைக்குள் தீபாவளி கழிந்து ஆலையில் கொடுத்திருந்த ஒரு பெட்டி வெடி, ஊசிப் பட்டாசும் லட்சுமி வெடியுமாக நிறைய. விமானத்தின் மூக்குக்குக் கீழே நின்றுகொண்டு, "பேரப் பிள்ளைக இருந்தா குடுங்கண்ணே" என்று சிரித்தபடி நீட்டினாள்.

மீசைக்காரரின் முகம் வெளுத்தது. கத்தவில்லை. தூங்குகிற கைக்குழந்தையை வாங்குவது போல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மூச்சு விடாமல் வெளியே நடந்தார். துடைத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் மண் வாளிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். தூரத்தில் உடைமரத்தடியில் குழி தோண்டிப் பெட்டியை வைத்து, மேலே வாளி வாளியாக மண்ணைக் கொட்டினார்கள்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆசையாக் கொண்டாந்து குடுத்தா, பொணத்துக்குப் போடுற மாதிரி மண்ணள்ளிப் போடுறாகளே!"

திரும்பி வந்தவர் கையைக் கூப்பினார். "மனசுல வச்சுக்காதீங்கம்மா. இங்க ஒரு தீக்குச்சியக்கூட விடமாட்டோம்."

"இனிமே இந்த வண்டி பறக்குமா?"

"பறக்காதும்மா."

"பறக்காத வண்டிக்கா இம்புட்டுப் பயம்?"

அவர் பதில் சொல்லுமுன் வேலிக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. ஓடுபாதையின் ஓரத்துக்கு ஒரு சிவப்பு வண்டி வேகமாக வந்து நின்றது. தொப்பி மாட்டிய ஆட்கள் குதித்து இறங்கிக் குழாயைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். தீயணைப்பு வண்டி. அதைப் பார்த்ததும் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலிக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"எங்கண்ணே தீ? உள்ள ஆளு இருக்கா?"

"தீ எங்கயும் இல்லம்மா. பிளேன் எறங்கப் போவுது, அதான்" என்றார் பின்னாலேயே வந்த மீசைக்காரர்.

வானத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி தெரிந்து, பெரிதாகி, இரண்டு இஞ்சினும் இரைய ஒரு பயணிகள் விமானம் இறங்கியது. என் பிறப்பில் நான் முதன்முதலாகப் பார்த்த விமான இறக்கம் அது. கையில் குடையோடு ஒருவரும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண்ணும் படியில் இறங்கினார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா விமானத்தைப் பார்க்கவே இல்லை. இஞ்சின் இரைச்சல் அடங்கும்வரை அசையாமல் நின்ற அந்தச் சிவப்பு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் இறங்கிய பிறகு குழாயைச் சுருட்டிக்கொண்டு அது திரும்பிப் போனது.

"ஒவ்வொரு தடவையும் வந்து நிக்குமாண்ணே?"

"ஏறும்போதும் நிக்கும், எறங்கும்போதும் நிக்கும். வெயிலானாலும் மழையானாலும்."

"ஒண்ணும் ஆகலேன்னா?"

"ஒண்ணும் ஆகலேன்னா திரும்பிப் போயிரும். அதுக்குத்தானம்மா அது."

அக்கா வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். வெயில் ஏறிவிட்டது, பஸ்ஸுக்கு நடக்க வேண்டும், என் திட்டம் பாழ். எரிச்சலோடு அவள் தோளைத் தொட்டேன்.

"அவுக போன அன்னைக்கு," என்றாள், "நான் வயக்காட்டுல இருந்து ஓடிப்போயி, எது அவுக, எது அடுத்தவுகன்னு பாத்து, சேலையில பொதிஞ்சு, மாட்டு வண்டியில ஏத்தி, அந்த வண்டி கண்மாய்க் கரையைத் தாண்டின பெறகு, எதுக்க வந்துச்சு டீச்சர், தீயணைக்கிற வண்டி. மணி அடிச்சுக்கிட்டு வந்துச்சு. நாங்கதான் ஒதுங்கி வழி விட்டோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. மீசைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"எம்மகன் போற எடத்துலயும் இந்த வண்டி நிக்குமாண்ணே?"

"நிக்கும்மா. இருபது வருசம் அது பக்கத்துல நின்னுதான் நானும் வேலை பாத்தேன். உசுரோட முன்னால நிக்கிறேன், பாருங்க."

அவரை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தாள், சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் பார்ப்பது போல. பிறகு என்னிடம் சொன்னாள்.

"நாளைக்கு அவனை ஆலைக்கு அனுப்பல, டீச்சர். கைநாட்டு எங்கன வைக்கணும்?"