சாமி மேடையில் உபதேசியார்

அவர் என் தாத்தா இல்லை என்று தெரிய வந்தபோது நான் பொட்டலத்தில் வாங்கி வந்த மீ கோரெங் நூடுல்ஸைத் தின்றுகொண்டிருந்தேன். தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மலேசியாவில், இந்த நீலாய் ஊரில் ஒண்டிக்கட்டையாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் கூரைக்கு மேல் விமானம் போகும் சத்தம்கூட விருந்தாளி வந்த மாதிரி இருக்கும்.

நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் ரெம்பாவ் பக்கம். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள், தொழிலாளிகள் இருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள், நாங்கள் சிதறினோம். மிச்சம் இருப்பது ஒரு வாட்சாப் குழு. காலை வணக்கம், ரோஜாப்பூ, யாராவது செத்த செய்தி. அன்றைக்கு அதிசயமாக ஒருவர் இணைப்பு ஒன்றை அனுப்பியிருந்தார். அந்தக் கால மிஷனரிகள் எடுத்த புகைப்படங்களையும் தபால் அட்டைகளையும் வெளிநாட்டு நூலகம் ஒன்று இணையத்தில் போட்டிருக்கிறதாம். நம் பக்கத்துத் தோட்டங்களும் அதில் இருக்கின்றனவாம்.

கேலி செய்யத்தான் திறந்தேன். வெயிலில் வெந்த முகத்தோடு பிரம்பு நாற்காலியில் துரைசாணிகள். மாட்டு வண்டியில் பயணம் போகும் ஆர்மோனியம். கடைச் சாமான் மாதிரி உயர வாரியாக அடுக்கப்பட்ட பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நக்கல் எழுதிக் குழுவில் போட்டேன். இரண்டு பேர் சிரித்த மூஞ்சி அனுப்பினால் எனக்கு அன்றைய பொழுது போய்விடும்.

அப்புறம் அந்த அட்டை வந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சின்ன வேதக் கோயில். வாசலில் ஒரு துரைசாணி. அவளை ஒட்டி, கையில் வேதப் புத்தகத்தோடு, என் தாத்தா. அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள். கீழே ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது: தோட்டத்து உபதேசியாரும் அவர் பிள்ளைகளும்.

என் சாமி மேடைக்குப் பக்கத்தில் தொங்கும் படத்தில் இந்த ஆள் நெஞ்சுவரைதான் இருப்பார். அதே சரிந்த தலைப்பாகை, அதே தூக்கிய புருவம். ஓரத்தில் வெள்ளையாக ஒரு துணி தெரியும். அது தாத்தாவின் அங்கவஸ்திரம் என்பது எங்கள் குடும்ப வரலாறு. அட்டையில் பார்த்தால் அது துரைசாணியின் சட்டைக் கை.

எனக்கு வியர்த்தது. ஒவ்வொரு தீபாவளிக்கு முதல் நாளும் அவருக்கு ஆட்டுக்கறி, சுருட்டு, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர் வைத்துக் கும்பிட்டிருக்கிறேன். கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று லயம் லயமாகச் சொல்லிவந்திருக்கக்கூடிய மனிதருக்கு. அது போதாதென்று லாட்டரிக்கு நாலு நம்பரும் கேட்டிருக்கிறேன். இத்தனை வருடம் ஏன் ஒரு நம்பர்கூட அடிக்கவில்லை என்பது அந்த நிமிடத்தில் விளங்கியது.

படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். முதுகைக் காட்டியது இன்னும் மோசமாக இருந்தது. துண்டைப் போட்டு மூடினேன். செத்த வீடு மாதிரி ஆனது. செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

“பாம்பா?” என்று மலாயில் கேட்டார்.

“இல்லை, தாத்தா,” என்றேன்.

அவர் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

போர்டிக்சனில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, தாத்தா நம்ம தாத்தா இல்ல.”

“சாப்பிட்டியா?”

“வேதக்காரவுங்க உபதேசியாரு அக்கா. நெட்டுல நிக்கிறாரு.”

“அதுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குற? எனக்குத்தான் தெரியுமே.”

நான் கேட்டில் சாய்ந்துகொண்டேன்.

“தாத்தாவுக்கு ஏதுடா போட்டோ? ரப்பர் பால்வெட்டுற மனுசன யாரு நிக்க வச்சு படம் எடுத்தா? அவரு போனதுக்கு அப்புறம் அப்பா எங்கயோ அந்த அட்டையப் பாத்தாரு. ஜாடை இருக்குன்னு கொண்டாந்து வெட்டி மாட்டிட்டாரு. படைக்க ஒரு மூஞ்சி வேணும்ல.”

“எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?”

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“நீ சின்னதுலேருந்து அதுகிட்டப் போய் நின்னு பேசிக்கிட்டு இருப்ப. யாருக்குச் சொல்ல மனசு வரும்? வளந்தும் பேசுற. விடு லா. அத எடுத்து உள்ள வச்சிட்டு அப்பா போட்டோவ மாட்டு.”

அக்காவுக்கு அது சுலபம். அவள் வீட்டுச் சுவரில் மாமியார், மாமனார், பேரப்பிள்ளைகள் என்று ஆணிக்கு இடமில்லை. நான் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவன். என் வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாம் தூங்கிக்கொண்டே வருவார்கள், தூங்கிக்கொண்டே போவார்கள். வீட்டுக்கு வந்து சாவியை வைத்துவிட்டு, “வந்துட்டேன் தாத்தா,” என்று சொல்வதுதான் பல நாள் என் வாயிலிருந்து வருகிற முதல் முழு வாக்கியம். அப்பா உயிரோடு இருந்தபோதே நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவாகப் பேசிக்கொண்டதில்லை. படமாக மாட்டினால் மட்டும் பேசிவிடுவாரா?

அன்று சாயங்காலமே துண்டை எடுத்துவிட்டேன். ஆனால் அந்த அட்டைக்குக் கீழே நூலகத்தார் வைத்திருந்த கேள்வி என்னைத் தொந்தரவு செய்தது: இந்தப் படத்தில் இருப்பவர்களை உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் எழுதுங்கள். வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பேரன் பேத்தி இருக்கும். அவர்களில் ஒருவர் இந்த முகத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம். எழுதினால் ஆள் வரும். வந்தால் அவரை எடுத்துக்கொண்டு போகும். அப்புறம் நான் சாவியை வைத்துவிட்டு யாரிடம் என்ன சொல்வது? வாரம் முழுக்க எழுதாமல் தப்பித்தேன்.

தீபாவளிக்கு முதல் நாள் படையல் போட்டேன். வாங்கி வைத்திருந்த ஸ்டவுட்டை அவர் கண்ணில் படாமல் சமையலறையில் நின்று நானே குடித்தேன். அவருக்குக் கோப்பியும் பிஸ்கட்டும். சுருட்டு இல்லை. நம்பர் கேட்கவில்லை. கும்பிடக் கை தூக்கியவன், இவருக்குக் கும்பிடலாமா கூடாதா என்று தெரியாமல், பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டேன். புருவம் தூக்கியே இருந்தது. என் தாத்தாவாக இருக்கவேண்டிய அவசியமே இல்லாத ஒருவர் இத்தனை வருடம் என் புலம்பலைக் கேட்டிருக்கிறார். அவரை அவர் பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஒளித்து வைப்பது ரொம்பக் கேவலமாகப் பட்டது.

கைப்பேசியை எடுத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன்: பெயர் தெரியாது. ஆள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார், நன்றாக இருக்கிறார். உறவுக்காரர்கள் வந்து பார்க்கலாம். முகவரி கீழே.

இன்னும் பதில் இல்லை. வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன். எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று படத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக் கார்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று பிஸ்கட் ஒரு டின் வாங்கி வைத்திருக்கிறேன்.