தொங்க வேண்டிய பாய்

உம் அல் குவைன் கடற்கரை. ஷமால் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிறது. பாய் கட்டிய பலகையில் விண்ட்சர்ஃபிங் போகக் காத்திருக்கும் வெள்ளைக்காரருக்கு, ஹோட்டல் ஊழியர் ஆன்றனி பாய் கட்டுகிறார். குளச்சல்காரர். பாய்மரத்தின் அடியில் காலை ஊன்றிக் கயிற்றை இழுக்க இழுக்க, பாயின் மேல் ஓரம் தொளதொளவென்று தொங்குகிறது.

பக்கத்தில் நிற்கும் நான் கேட்கிறேன்: “தொங்குதே அண்ணே?”

“தொங்கணும் சார். அப்பத்தான் பலத்த காத்து வழிஞ்சு போவும். நம்ம ஊரு மீன்புடி வள்ளத்துல இப்பிடித் தொங்கினா செவிட்டுல அடி விழும். அந்தப் பழக்கத்துல போன மாசம் ஒருத்தருக்கு வெறைப்பா கட்டிக் குடுத்துட்டேன். காத்து ஆளைத் தூக்கி எறிஞ்சுட்டுது.”

“அப்புறம்?”

“தேடுனதுல இந்தப் பாய் மட்டுந்தான் கெடச்சுது. எப்பிடிக் கட்டுனேன்னு இதுவரை ஒருத்தரும் கேக்கல.”

வெள்ளைக்காரர் சிரித்தபடி வந்து பாயைத் தூக்குகிறார். ஆன்றனியும் சிரிக்கிறார். கை மட்டும் கயிற்றை விடமாட்டேன் என்கிறது.