ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கர்

எங்கள் லிங்கராஜபுரம் வீட்டு ஹாலில் ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. மாமனார் வாங்கியது. அவர் போன பிறகும் அத்தை தினமும் காலையில் அதில்தான் பக்திப் பாட்டு போடுவார். இரண்டு ஸ்பீக்கர்கள். ஒன்று ஜன்னலோரம், மற்றது எதிர்ச்சுவரில், சமையலறை வாசலை ஒட்டி. நான் கர்ப்பமாக இருந்தபோதே வால்யூம் கண்ட்ரோல் தேய்ந்துபோய், ஜன்னல் பக்க ஸ்பீக்கர் மௌனமாகிவிட்டது. குமிழைத் தொட்டால் கரகரவென்று உறுமும். சில நாள் திடீரென்று முழுச் சத்தத்தில் அலறும். அதைச் சமாளிக்க அத்தையிடம் ஒரு வழி இருந்தது. குமிழை லேசாக உள்ளே அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே திருப்பில் வழக்கமான இடத்தில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுவார். பிறகு யாரும் தொடக்கூடாது.

பாட்டு தொடங்கியதும் என் மகன் சமையலறைப் பக்கம் திரும்புவான். பத்து மாதக் குழந்தை. "எங்கேருந்து பாட்டு வருதுன்னு கண்டுபிடிச்சுட்டான் பாரு, என் ராஜா" என்று அத்தை பூரித்துப்போவார்.

ஒரு நாள் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டே அவனைக் கூப்பிட்டேன். பாயில் உட்கார்ந்திருந்தவன் முகமெல்லாம் சிரிப்பாகச் சமையலறைப் பக்கம் திரும்பினான். அங்கே யாரும் இல்லை. யாருமில்லாத அந்த வாசலைப் பார்த்து அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

எப்போதும் அங்கிருந்துதானே சத்தம் வருகிறது, பழகிவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் என் குரலுக்குமா? பிறந்தபோது எடுத்த பரிசோதனையில் குறை எதுவும் சொல்லவில்லையே? மாலையில் கணவரிடம் சொன்னேன்.

"நீ மொதல்ல போன்ல படிக்கறத நிறுத்து. போன வாரம் தலை ஷேப் சரியில்லைன்ன. அதுக்கு முந்தி கக்கா கலர். இப்போ காதா?"

அவர் சொன்னதும் உண்மைதான். ஆனாலும் மனம் ஓயவில்லை. ஆம்ப்ளிஃபையரைச் சரிசெய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். இரண்டு பக்கமும் சத்தம் வந்தால் அவன் இரண்டு பக்கமும் திரும்புவான். அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் எனக்குப் போதும்.

எலக்ட்ரானிக்ஸ் படித்தவள்தான், ஆனால் கல்லூரியோடு சால்டரிங் அயர்னை மறந்தவள். சனிக்கிழமை காலை ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் மூடியைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருந்தேன். உள்ளே கட்டைவிரல் பருமனில் கெப்பாசிட்டர்கள். கரண்ட் நின்ற பிறகும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும். வெகுநேரம் விட்டுத்தான் திறந்தேன். பழைய கண்ட்ரோலைக் கழற்றி எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் காட்டினேன்.

"ஸ்டீரியோவா மேடம்?" என்று கேட்டபடி கடைக்காரர் புதியதை எடுத்துப் போட்டார். "ஆறு கால் இருக்கு. இந்த மூணு லெஃப்ட், அந்த மூணு ரைட். வயர் மாத்திடாதீங்க, பாட்டு தப்புப் பக்கம் ஹோகுத்தே, போயிடும்."

கழற்றும்போது போட்டோ எடுத்திருந்தேன். ஒவ்வொரு வயரையும் அதோடு ஒப்பிட்டு ஈயம் வைத்தேன். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். குழந்தையைத் தூக்கப் போனவள் பாதியில் திரும்பி வந்து மறுபடி கழுவினேன்.

கணவர் பாட்டைப் போட்டார். கரகரப்பு இல்லை. ஜன்னல் பக்கமும் பாடியது.

"இன்ஜினியர் மேடம், பரவாயில்லையே! வீடு எரியல."

"பேலன்ஸ் குமிழை முழுசா ஜன்னல் பக்கம் திருப்புங்க" என்றேன்.

டிவியைப் பார்த்தபடி குழந்தை ஹாலின் நடுவில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் அவனுக்கு இடப்பக்கம். அந்த ஸ்பீக்கர் மட்டும் பாடியது. அவன் சமையலறைப் பக்கம் திரும்பினான்.

"வயரை மாத்திட்ட நீ" என்றார் கணவர் உடனே.

எதைச் செய்தாலும் தப்பாகச் செய்துவிட்டோமோ என்று பதறுகிறவள் நான். அன்றைக்குத் தப்பாகத்தான் செய்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போய், ஜன்னல் பக்க ஸ்பீக்கரில் காதை வைத்தேன். பாட்டு அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது, துல்லியமாக. மற்றது மௌனமாக இருந்தது.

"பொறந்ததுலேருந்து அந்தப் பக்கம்தானே பாட்டு கேட்டான்? பழக்கம்மா" என்றார் அத்தை. "கொழந்தையப் போட்டு சோதிக்காத."

பழக்கமா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அது எனக்குத் தோன்றாமலே இருந்திருக்கலாம். பாட்டை நிறுத்தச் சொன்னேன். குழந்தையைத் தூக்கி, டிவிக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன். இப்போது ஜன்னல் அவனுக்கு வலப்பக்கம். கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்தேன். கணவர் மறுபடி ஜன்னல் பக்கப் பாட்டைப் போட்டார்.

குழந்தை சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"பாத்தியா! திரும்பிட்டான்டா என் தங்கம்!" அத்தை கை தட்டினார். கணவர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். "போதுமா? இனிமேலாவது நிம்மதியா இரு."

எனக்குக் கை எழவில்லை. பழக்கமென்றால் இப்போதும் சமையலறைப் பக்கம்தான் திரும்பியிருப்பான். முதலிலும் வலப்பக்கம் திரும்பினான், இப்போதும் வலப்பக்கம் திரும்பினான்.

"இப்போ சமையலறைப் பக்கம் மட்டும் போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்களேன்."

பாட்டு நின்றது. ஸ்பூனைத் தட்டி அவனை நேராகப் பார்க்க வைத்தேன். அவனுடைய இடப்பக்கம் பாட்டு தொடங்கியது. அவன் வலப்பக்கம் திரும்பி, சத்தமே இல்லாத ஜன்னல் பக்க ஸ்பீக்கரைத் தேடிப் பார்த்தான்.

கணவரின் சிரிப்பு அடங்கியது. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு வந்து, குழந்தைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது காதருகே விரலை மெல்லச் சொடுக்கினார். அவன் தலையைக்கூட அசைக்கவில்லை. மறுபடி சொடுக்கினார்.

"திங்கக்கெழம லீவு போடறேன்" என்றார். "டாக்டர்கிட்ட போயிடலாம்."

அத்தை குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். அவன் இடது காதில் வாயை வைத்து, "ராஜா... ராஜா..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவன் அவருடைய தோட்டைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான்.