கவிழ்த்து வைத்த கேள்வித்தாள்

எங்கள் பள்ளியில் மார்க்கை அள்ளிப் போடுகிற பழக்கத்தை நிறுத்தியவள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. திருவனந்தபுரத்தில் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன பங்குப் பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் கணக்கு டீச்சர், வகுப்பாசிரியையும் நானே. ஒரு ஜூன் மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று, பின்னம் தெரியாத பிள்ளையைப் பத்தாம் வகுப்புக்குத் தள்ளிவிடுவது பாவம் என்று கத்தினேன். சிஸ்டர்கள் நிறைந்த கூட்டத்தில் பாவம் என்று சொல்லிவிட்டால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? எண்பதுக்கு இருபத்துநாலு, அதற்குக் கீழே போனால் மறுபடியும் அதே வகுப்பு என்று முடிவாயிற்று.

அந்த வருடக் கடைசியில் என் சட்டத்தில் சிக்கியது ஒரே ஒரு பெண். கணக்கில் இருபத்தொன்று.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. அப்பா கழக்கூட்டத்தில் எழும்புகிற ஃபிளாட்டுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். அம்மா ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் மல்லி, மிளகாய் புடைக்கிறவள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். ஒரு கேள்வியை அவள் எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பாள். எழுதினவரைக்கும் எல்லாம் சரியாக இருக்கும். கடைசி இரண்டு பக்கம் எப்போதும் வெறுமை. ஓணப் பரீட்சையில் அப்படித்தான், கிறிஸ்துமஸ் பரீட்சையிலும் அப்படித்தான். 'மந்தம், வேகம் போதாது' என்று ரிப்போர்ட்டில் சிவப்பு மையில் எழுதியவளும் நான்தான்.

அம்மாவையும் மகளையும் வரச்சொன்னேன். அம்மா உட்காரவே இல்லை.

"ஒரு வருசம் திரும்பப் படிக்கட்டும்னு நீங்க லேசா சொல்லிருவிய டீச்சர். இவ அப்பா விடமாட்டாக. பெயிலானா ஊருக்குக் கொண்டுபோயி அவுக அக்கா வீட்ல பீடித்தட்டு முன்னால ஒக்கார வச்சிருவேன்னு சொல்லிட்டாக. அங்க தட்டு ரெடியா இருக்கு."

மனசு கேட்காமல் போனால் எனக்குக் கோபம்தான் வரும், அதுதான் என் புத்தி. அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு பக்கத்த அப்படியே விட்டிருக்கியே, உறங்கிட்டியா?"

"நேரம் பத்தல டீச்சர்."

"எல்லாருக்கும் அதே நேரம்தானே? கூல் ஆஃப் டைம்ல என்ன பண்ணின?"

எங்கள் ஊர்ப் பரீட்சைகளில் முதல் பதினைந்து நிமிடத்துக்குத்தான் அந்தப் பெயர். பேனாவை எடுக்கக் கூடாது. கேள்வித்தாளை நிதானமாக வாசித்துப் புரிந்துகொள்ளலாம். மலையாளத்தில் தடுமாறுகிற பிள்ளைக்கு அது தங்கமான நேரம்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அப்ப தாளத் தொடக் கூடாதுல்லா டீச்சர்."

"எவ சொன்னா உனக்கு?"

"நீங்கதான் சொன்னிய."

ஐயோ! சொன்னேன்தான். அவள் எங்கள் பள்ளியில் எழுதிய முதல் பரீட்சையில், இரண்டாவது மணி அடிக்கும் முன்பே பேனாவைத் திறந்துவிட்டாள். நான் பாய்ந்துபோய்க் கேள்வித்தாளைப் பிடுங்கி மேஜைமேல் கவிழ்த்து, "அடுத்த மணி அடிக்கிற வரைக்கும் இதைத் தொட்டியோ, அவ்வளவுதான்!" என்று கத்தினேன். அந்தப் பிள்ளை அன்றிலிருந்து ஒவ்வொரு பரீட்சையிலும், ஒவ்வொரு பாடத்திலும், தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைகளை மடியில் கோத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் சும்மா இருந்திருக்கிறது. அறையில் நின்ற டீச்சர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜெபிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்களாம். ஜெபிக்கிற பிள்ளையை எங்கள் பள்ளியில் யார் போய்க் கலைப்பார்கள்?

அன்று மாலையே ஆசிரியர்களைக் கூட்டச் சொன்னேன். பங்குத்தந்தைதான் பள்ளிக்கு மேனேஜர். எல்லோருக்கும் அவர் 'அச்சன்'. நல்ல மனிதர். நான் முழுதும் சொல்லி முடிப்பதற்குள், "மூணு மார்க்கல்லே டீச்சரே, கொடுத்தேக்கு" என்று, போட்டுவிடச் சொல்லிவிட்டார்.

"மார்க்கு வேண்டாம் அச்சோ. நான் பிடுங்கின பதினஞ்சு நிமிஷத்தத் திரும்பக் குடுங்க, போதும்."

தலைமையாசிரியை சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். மறுதேர்வு வைக்கலாம், ஆனால் கேள்வித்தாள் பக்கத்துப் பங்குப் பள்ளியிலிருந்து வரும், திருத்துவதும் அவர்களே, எனக்கு அறைக்குள் வேலையே இல்லை. அதில் தோற்றால் தோற்றதுதான், மூன்று மார்க்குப் பேச்சே கிடையாது என்றார். நான் எழுதிக் கொடுத்திருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "சும்மா குடுக்க மார்க்க வேண்டாம்னு சொன்னியளா? ஒங்களுக்கென்ன கிறுக்கா டீச்சர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "எழுதுதேன்ம்மா. எனக்குத் தெரியும்."

பரீட்சையன்று நான் வராந்தாவில் தூணோடு தூணாக நின்றேன். முதல் மணி அடித்தது. கேள்வித்தாள் வந்தது. அவள் கை பழக்க தோஷத்தில் அதை அப்படியே கவிழ்த்தது. கத்தவும் முடியாது, சைகை காட்டவும் முடியாது. பாழாய்ப்போன என் தொண்டைக்கு வாழ்க்கையில் முதன்முறையாக வேலையில்லாமல் போயிற்று. ஒரு நிமிடம் அப்படியே இருந்தாள். அப்புறம் தாளை நிமிர்த்தினாள். விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய, முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை வாசித்தாள். அடுத்த மணிக்குத்தான் பேனாவை எடுத்தாள், பிறகு தலையே நிமிரவில்லை. கூடுதல் தாள் கேட்டு இரண்டு முறை எழுந்தாள். அந்த இரண்டு முறையும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாலாம் நாள் சிஸ்டர் தன் அறையில் உறையைப் பிரித்தார். அச்சனும் இருந்தார். அம்மாவும் மகளும் வாசலில் நின்றார்கள். சிஸ்டர் தாளை ஒரு தரம் பார்த்தார், கூட்டலைச் சரிபார்க்க இன்னொரு தரம் பார்த்தார்.

"ஐம்பத்தெட்டு."

நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறை கிளார்க் ஓடி வந்துவிட்டார். அச்சன் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அந்தப் பெண் மட்டும் விடைத்தாளை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அங்கே விழுந்திருந்த சரிக் குறிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். ரிப்போர்ட்டில் 'மந்தம்' என்ற வார்த்தையை அவள் கண்முன்னே அடித்து, பக்கத்தில் 'என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பக்கத்தில், 'அமைதி காக்க' என்ற பலகைக்குக் கீழேயே நின்று, அம்மா போனை எடுத்து ஊருக்கு அடித்தாள். பள்ளி முழுக்கக் கேட்டது.

"மதினி! எம்மவ வரமாட்டா! ஆமா, பத்தாங்கிளாசு! அந்தத் தட்டத் தூக்கிப் பரண்ல போடுங்க!"

சத்தம் போட்டால் சிஸ்டருக்குப் பிடிக்காது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, நன்றாகக் கேட்கட்டும் என்று மூடியிருந்த இன்னொரு ஜன்னல் கதவையும் திறந்து வைத்தார்.